ஒரு சிற்றூர்க் கலைவிழா வளர்ந்த வரலாறு

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் விழாக்களுக்குக் குறைவில்லை. பொங்கலோ கோயில் திருவிழாவோ வந்துவிட்டால் தோட்டத் திடலில் மேடை எழும். பிள்ளைகள் ஆடுவர், பெரியோர் பாடுவர். ஆயினும் விழாக் குழு கூடும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுவதுண்டு: மேடையில் யாருக்கு இடம்? இதனைச் சிந்திப்போர் தமிழ்நாட்டுத் திருவையாற்றின் வரலாற்றை அறிந்துகொள்வது நலம்.

திருவையாறு, தஞ்சாவூருக்கு அருகே காவிரிக் கரையிலுள்ள சிற்றூர். தியாகராஜ சுவாமிகள் அங்கு வாழ்ந்து, 1847ஆம் ஆண்டில் மறைந்தார். அதன்பின் சீடர்கள் தத்தம் இல்லங்களிலேயே நினைவு நாளைக் கடைப்பிடித்து வந்தனர். சமாதியோ கவனிப்பாரின்றிச் சிதைந்தது. 1903இல் சீடர் வழியினர் அதைச் சீர்ப்படுத்தினர். பின்னர் அவ்விடத்திலேயே இசை வழிபாடு நடைபெறலாயிற்று. விழா வளர்ந்தது, கூடவே பிணக்கும் வளர்ந்தது. பெரிய கட்சி, சின்னக் கட்சி எனப் பிரிந்து தனித்தனியே விழா எடுத்தனர். (தோட்டத்து விழாக் குழுக்களை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.) ஒன்றில் மட்டும் இரு கட்சியினரும் ஒத்திருந்தனர்: பெண்கள் அங்குப் பாட இடமளிக்கவில்லை.

அந்நிலையை மாற்றியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். மைசூர்ப் பகுதியில், தேவதாசி மரபில் பிறந்தவர். இசையால் புகழும் பொருளும் ஈட்டியவர். 1920களில் அப்பொருளைச் செலவிட்டுச் சுவாமிகளின் சமாதியில் கோயில் எழுப்பினார். தாம் எழுப்பிய கோயிலின் விழாவில் தமக்கே பாட இடமில்லை என்ற நிலையை என்னென்பது! அம்மையார் ஒதுங்கிப் போகவில்லை. 1927இல் பெண் கலைஞர்களைத் திரட்டிப் 'பெண்கள் கட்சி' அமைத்து, கோயிலின் பின்புறத்தே தனியாக இசைவிழா நடத்தினார். அதற்கும் மக்கள் திரண்டனர். முடிவில், 1940-41இல் மூன்று கட்சிகளும் ஒன்றாயின.

இன்று அவ்விழாவில் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை ஆணும் பெண்ணும் நூற்றுக்கணக்கில் அமர்ந்து ஒருசேரப் பாடுகின்றனர். பெயர் பெற்ற வித்துவானுக்கருகே இளம் மாணவியும் அமர்ந்து பாடலாம். 1952இல் மறைந்த அம்மையாரின் சமாதியும் அவ்வளாகத்திலேயே உள்ளது.

பொருள் இருந்தமையால் விழா வளர்ந்தது என்பார் உளர். கோயில் எழப் பொருள் வேண்டியிருந்தது உண்மையே. ஆனால் அம்மையாரின் பணத்தை ஏற்றுக்கொண்டு, அவர் பாட்டை மறுத்தவரை அது பிளவுண்ட விழாவாகவே இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

தமிழர் உழைப்பால் வளர்ந்த நம் மலைத் தோட்டங்களில் இன்று வங்காளதேசத்தினரும் நேப்பாளத்தினரும் கொழுந்து பறிக்கின்றனர். அவர்களிலும் பாடவும் ஆடவும் வல்லோர் உளர். நம் பெண்களோ மேடைக்குப் பின்னே பலகாரம் செய்வதோடு நின்றுவிடுகின்றனர். அடுத்த விழாவுக்கு ஒரு மாதம் முன்னதாகவே லயந்தோறும் அறிவித்து, விரும்புவோர் அனைவரிடமும் பெயர் பெறலாம். ஒத்திகையை, வீட்டு வேலை முடிந்து பெண்கள் வரக்கூடிய ஓய்வு நாள் பிற்பகலில் வைத்துக்கொள்வது நன்று.