அப்பாவுக்குக் கத்தி, மகளுக்குப் பேச்சு

கேள்வி: பேராதனையில் மருத்துவம் முடித்து உள்ளகப் பயிற்சியில் இருக்கிறேன். சத்திரசிகிச்சை நிபுணராக வேண்டும் என்கிறார் அப்பா. எனக்கோ நோயாளிகளோடு பேசத்தான் பிடிக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, கலஹா

பதில்: இரவு 2 மணிக்குத் தியேட்டரில் நிற்கப்போவது அப்பா அல்ல, நீங்கள். நம் நாட்டில் உள்ளகப் பயிற்சி ஆறாறு மாதமாக இரண்டு பிரிவுகளில் நடப்பது நல்லதாய்ப் போயிற்று. எந்த வாட்டில் நேரம் போனதே தெரியவில்லை, எங்கே போகக் கால் பின்வாங்கியது என்று குறித்து வையுங்கள். ஒரு துறையின் பெருமையை விடுங்கள். அதன் சலிப்பான வேலையைத் தாங்க முடியுமா என்று பாருங்கள். கதிரியக்க நிபுணருக்கு நாள் முழுக்கப் படங்கள்தான். மயக்க மருந்து நிபுணருக்கு நீண்ட அமைதி, நடுவே திடீர்ப் பதற்றம்.

பேச்சுப் பிடித்தவருக்கு உளமருத்துவமும் குடும்ப மருத்துவமும் இருக்கின்றன. லயத்தில் வாழும் அம்மா ஒருவர் தன் மனவருத்தத்தை மொழிபெயர்ப்பாளரிடமா கொட்டுவார்? மலையகத்துக்குத் தமிழ் பேசும் உளமருத்துவர்கள் இன்னும் வேண்டும். (சொல்கிறேனே தவிர, என் ஆசையையும் உங்கள் தலையில் ஏற்றக் கூடாது!)

பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தின் தெரிவுப் பரீட்சைக்கு விண்ணப்பிக்குமுன், நிபுணர் ஒருவரிடம் அனுமதி கேட்டு அவருடைய கிளினிக்கில் ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள். பிறகு அப்பாவிடம் பேசுங்கள்.