திரையில் அசையாத புள்ளி

2023 ஏப்ரல் 29 அன்று, சின்னக்கானலில் அரிக்கொம்பன் என்னும் காட்டு யானை மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்டது. கழுத்தில் ரேடியோ பட்டை பூட்டப்பட்டு, பெரியார் புலிகள் காப்பகத்திற்குக் கொண்டு செல்லப்பட்டது. அதன்பின் யானை நடமாடும் இடங்கள் அப்பட்டையின் சமிக்ஞைகளைக் கொண்டே அறியப்பட்டன. அவ்வாறு வரும் இடக்குறிப்புகள் கணினி வரைபடத்தில் புள்ளிகளாகத் தோன்றும்.

மாணவர்களே, அத்தகைய வரைபடம் ஒன்று நம் முன் இருப்பதாகக் கொள்வோம். காட்டின் நடுவே ஒரு சிவப்புப் புள்ளி நெடுநேரமாக அசையாமல் நிற்கிறது. யானை உறங்குகிறதா? பட்டை கழன்று விழுந்துவிட்டதா? இவற்றை எண்ணிக் கலங்கும் முன் வரைபடத்தைச் சற்று நகர்த்திப் பார்க்க வேண்டும். யானையின் புள்ளியாயின் வரைபடத்தோடு சேர்ந்து நகரும். நகராமல் அதே இடத்தில் நின்றால், அப்புள்ளி காட்டில் இல்லை. கண்ணாடித் திரையில் இருக்கிறது. அதற்குச் சிக்கிய பிக்சல் என்று பெயர்.

பிக்சல் என்பதைத் தமிழில் படப்புள்ளி என்கிறோம். 1920 வரிசையும் 1080 அடுக்கும் கொண்ட திரையில் 20,73,600 படப்புள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று சிற்றறைகளால் ஆனது. ஆகவே சிற்றறைகள் மட்டும் 62,20,800. ஒவ்வொரு சிற்றறைக்கும் ஒரு நுண்ணிய டிரான்சிஸ்டர் காவல் நிற்கிறது. அறுபத்திரண்டு இலட்சம் காவலர்களுள் ஒருவர் தவறுவது வியப்பன்று. எல்லாரும் தவறாதிருப்பதே வியப்பு.

அச்சிற்றறைக்குள் இருப்பது என்ன? திரவப் படிகம். திரவம் போல ஓடும். ஆயினும் படிகம் போல அதன் மூலக்கூறுகள் ஓர் ஒழுங்கில் நிற்கும். 1888இல் ஆஸ்திரிய நாட்டுத் தாவரவியலாளர் பிரீட்ரிக் ரைனிட்சர் இதனை முதலில் கண்டார். கேரட்டில் உள்ள வேதிப்பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். அவர் கையில் இருந்த ஒரு பொருள் 145.5 பாகை செல்சியசில் உருகிக் கலங்கலான நீர்மமாயிற்று, 178.5 பாகையில் அதுவே தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலைகளா என்று அவர் திகைத்தார். வட்டவடை வயல்களில் விளையும் அதே கேரட்டை ஆராயப் புகுந்த ஒருவரால் கணினித் திரைக்கு வித்திடப்பட்டது என்பது நினைத்து மகிழத்தக்கது.

இத்துறையில் தமிழர் ஒருவருக்கும் பெரும்பங்கு உண்டு. சர் சி.வி. இராமனின் சகோதரி மகனாகிய சிவராமகிருஷ்ண சந்திரசேகர், பெங்களூரு இராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் தம் குழுவினருடன் 1977இல் புதுவகைத் திரவப் படிகத்தைக் கண்டறிந்தார். அதுவரை அறியப்பட்டவை குச்சி வடிவ மூலக்கூறுகளால் ஆனவை. இவர் கண்டதோ தட்டு வடிவ மூலக்கூறுகள், நாணயங்களை அடுக்கியதுபோல் தூண்களாக நிற்பது. திரையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் படம் தெளிவாகத் தெரிய உதவும் மெல்லேடுகளில் பின்னாளில் இத்தட்டு வடிவப் பொருள்கள் பயன்பட்டன. (நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் சந்திரசேகர் வேறொருவர், அவர் இராமனின் உடன்பிறந்தார் மகன்.)

சிற்றறை இயங்கும் முறையைப் பார்ப்போம். திரையின் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிகிறது. அதன் முன்னே, ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அதிரவிடும் இரு தகடுகள் ஒன்றுக்கொன்று குறுக்காக அமைந்துள்ளன. இவை மட்டும் இருந்தால் ஒளி வெளியே வராது. இடையிலுள்ள திரவப் படிகம் ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்பிக் கொடுத்தால், ஒளி இரண்டாம் தகட்டையும் கடந்துவிடும். மின்னழுத்தத்தை மாற்றும்போது படிகத்தின் நிலை மாறுகிறது. கடக்கும் ஒளியின் அளவும் மாறுகிறது. மதகின் பலகையை ஏற்றி இறக்கி ஆனையிறங்கல் அணையின் நீரை அளவோடு விடுவதைப் போன்றதே இது. பலகை திறந்தபடியே சிக்கிக்கொண்டால் அச்சிற்றறை எப்போதும் ஒளிரும்: சிக்கிய பிக்சல். மூன்று சிற்றறைகளும் மூடியபடியே நின்றுவிட்டால் அவ்விடம் எப்போதும் கறுத்திருக்கும்: இறந்த பிக்சல்.

பழுதைச் செப்பனிடும் முன் பழுதை அறிதல் வேண்டும். முதலில் திரையை அணைத்து, மெல்லிய உலர்ந்த துணியால் துடைக்க. பல நேரங்களில் புள்ளி துணியோடு வந்துவிடும்! கண்ணாடிக்கு உள்ளே புகுந்துவிட்ட சிறு பூச்சியும் பிக்சல் போலத் தோன்றும். அது ஓரிடத்தில் நில்லாமல் ஊர்ந்து நம்மை ஏமாற்றும். பின்னர்த் திரை முழுவதையும் ஒரே நிறமாக்கிப் பார்க்க. கறுப்புப் பின்னணியில் பச்சையாகவும், சிவப்பில் மஞ்சளாகவும், வெள்ளையில் தென்படாமலும் ஒரு புள்ளி இருந்தால், பச்சைச் சிற்றறை திறந்தபடி சிக்கியுள்ளது என்று துணியலாம். சிவப்பொளியும் பச்சையொளியும் கலந்தால் மஞ்சள் அல்லவா?

எல்லா நிறங்களிலும் கறுப்பாகவே இருந்தால் டிரான்சிஸ்டரே கெட்டிருக்கக்கூடும். அதற்கு வீட்டு வைத்தியம் பெரும்பாலும் பயன்படாது.

சிக்கிய பிக்சலுக்கு ஒரு முறை உண்டு. அப்புள்ளி இருக்கும் இடத்தில் ஒரு சிறு கட்டத்தை வைத்து, அதன் நிறத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என மிக வேகமாக மாற்றிக்கொண்டே இருக்கச் செய்வர். மின்னழுத்தம் இடைவிடாது மாறுவதால் சிக்கிய சிற்றறை சில வேளைகளில் மீண்டும் இயங்கத் தொடங்கும். அரைமணி நேரத்தில் சரியாவதும் உண்டு. பல மணி நேரம் ஓடியும் பயனின்றிப் போவதும் உண்டு. ஸ்கிராட்ச் அறிந்த மாணவர் இக்கட்டத்தைத் தாமே உருவாக்கலாம். ஆயினும் மின்னி மறையும் ஒளியை உற்றுநோக்கலாகாது. வலிப்பு நோய் உடையவர்க்கு அது தீங்கு விளைவிக்கும். கட்டத்தின்மேல் ஓர் அட்டையைச் சாய்த்து வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பது நன்று.

துணியால் மூடிய மழுங்கிய முனையால் அவ்விடத்தை மெல்ல அழுத்தும் முறையையும் சிலர் கையாள்கின்றனர். அதனை நாம் பரிந்துரைப்பதில்லை. திரவப் படிகத்தின் ஏடு தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானது. அழுத்தம் மிகுந்தால் ஒரு புள்ளிக்குப் பதிலாக ஒரு கறையே உண்டாகும். உறுதிக்காலம் முடியாத திரையாயின் அறவே தொடக்கூடாது. எத்தனை பழுதான புள்ளிகள் வரை பொறுக்கலாம் என்பதைத் திரையின் தரவகுப்புக்கு ஏற்ப வரையறுக்கும் பன்னாட்டுத் தரநிலை உள்ளது. அந்த எண்ணிக்கையைக் கடந்தால் மாற்றுத் திரை கோரும் உரிமை இருக்கக்கூடும்; நாமே அழுத்திய தடம் அந்த உரிமையைக் கெடுத்துவிடலாம்.

ஒரு புள்ளிக்காகத் திரையைத் தூக்கி எறிவதும் முறையன்று. சின்னக்கானலில் ஒரு திரை பழுதானால், அதனைத் துணியில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டு, போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிப் போடிநாயக்கனூருக்கோ, மேற்கே மூணாறுக்கோ செல்ல வேண்டும். தேயிலைத் தோட்டத்துக் குடும்பத்திற்கு அது ஒரு நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் விழுங்கும் பயணம். பழைய திரைகள் சிலவற்றின் பின்விளக்கில் பாதரசமும் உண்டு. ஓடைக்கரையில் வீசினால் அது மண்ணில் சேரும். பாடம் படிக்கவும் கட்டுரை எழுதவும் அத்திரை போதும். ஆனால் மருத்துவமனையில் எக்ஸ்ரே படம் பார்க்கும் திரைக்கு இச்சலுகை இல்லை. அங்கே ஒரு பொய்ப்புள்ளி மெய்ந்நோயாகத் தோன்றக்கூடும்.

பயிற்சி

1. கறுப்புப் பின்னணியில் நீலமாகத் தெரியும் புள்ளி, பச்சைப் பின்னணியில் எவ்வாறு தெரியும்? காரணம் கூறுக.

2. வரைபடத்தில் உள்ள புள்ளி யானையுடையதா, திரையுடையதா என்று எவ்வாறு அறியலாம்?

3. பிரித்து எழுதுக: சிற்றறை, மின்னழுத்தம், மெல்லேடு.

4. உங்கள் வீட்டில் எறியாமல் செப்பனிட்டுப் பயன்படுத்தும் பொருள் ஒன்றைப் பற்றிப் பெற்றோரிடம் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக. அவர்கள் கூறும் கருவிகளின் தமிழ்ப் பெயர்களை அப்படியே குறிக்க.