பருவத்தை நிழலில் தேடுங்கள்

கேள்வி: செங்கல்பட்டில் கல்லூரியில் படிக்கிறேன். ஆறு மாதமாக பிளெண்டரில் முப்பரிமாண மாடலிங் கற்கிறேன். பொங்கல், மாசி மகம், நவராத்திரி, கார்த்திகை, மார்கழி என்று ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு படைப்பு செய்ய ஆசை. ஆனால் எதைத் தொடங்கினாலும் பாதியில் நிற்கிறது. அதற்குள் பண்டிகை முடிந்துவிடுகிறது. எப்படித் திட்டமிடுவது?

பதில்: ஆசையை விடாதீர்கள், எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். கற்கும் காலத்தில் வருடத்துக்கு இரண்டு படைப்புகள் போதும். முடிக்காத ஐந்து மாடல்களைவிட முடித்த இரண்டு அதிகம் கற்றுத்தரும். ஒளி அமைப்பது, பரப்புக்கு நிறமும் தன்மையும் கொடுப்பது, ரெண்டர் எடுப்பது எல்லாம் கடைசிக் கட்டத்தில்தான் வருகின்றன. பாதியில் நிறுத்துகிறவர் அவற்றைப் பழகவே மாட்டார். முதல் படைப்பாகக் கார்த்திகை அகல் விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது எது என்பதை அதை முடித்த பிறகு முடிவு செய்யலாம்.

பெரிய வடிவம் முதலில்

பாதியில் நிற்பதற்கு நான் அதிகம் பார்க்கும் காரணம், நுணுக்கத்தில் சீக்கிரம் இறங்கிவிடுவது. கோபுரம் செய்ய உட்கார்ந்தவர் முதல் நாளே கலசத்தின் இதழைச் செதுக்கத் தொடங்கினால் கோபுரம் எழாது.

இதற்கு நல்ல பாடம் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் ஐந்து ரதங்களோடு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் பிடாரி ரதங்களையும் வலையன்குட்டை ரதத்தையும் தேடிப் பாருங்கள். பல்லவர் காலச் சிற்பிகள் மேலிருந்து கீழாக வேலை செய்ததால், அங்கே மேல்பகுதி உருவாகியிருக்க, கீழே முரட்டுப் பாறையாகவே நிற்கிறது. தர்மராஜ ரதத்தின் கீழ்த்தளமும் முற்றுப்பெறவில்லை. வேலை எந்த வரிசையில் நடந்தது என்பதை இந்த முடிவுறாத கற்களில் படிக்கலாம். ஒரு நோட்டுப் புத்தகத்துடன் போய், எங்கே சதுரக் கட்டியாக விட்டிருக்கிறார்கள், எங்கே விளிம்பை எடுத்திருக்கிறார்கள், எங்கே உருவம் வந்திருக்கிறது என்று மூன்று நிலைகளையும் வரைந்து வாருங்கள்.

பிளெண்டரிலும் அந்த வரிசையையே பின்பற்றுங்கள். முதலில் கனசதுரமும் உருளையும் மட்டும் வைத்து மொத்த வடிவத்தை நிறுத்துங்கள். பிறகு மாடலுக்கு முழுக் கறுப்பு நிறம் கொடுத்துப் பாருங்கள். நிழலுருவை வைத்தே இன்ன பொருள் என்று நண்பர் சொல்லிவிட்டால் அடுத்த நிலைக்குப் போகலாம். சொல்ல முடியாவிட்டால் எந்த நுணுக்கமும் அதைக் காப்பாற்றாது.

அளவு தெரியாமல் உருவம் வராது

பின்னால் கொலு பொம்மை செய்யும் எண்ணம் இருந்தால், சிற்பங்களுக்கான அளவுமுறையான தாலமானத்தை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். உத்தம தசதால முறையில் உருவத்தின் உயரத்தை 124 சம பங்காகப் பிரித்து, முகம், கழுத்து, மார்பு, தொடை என்று ஒவ்வொன்றுக்கும் இத்தனை பங்கு என வகுத்திருக்கிறார்கள். 124 பங்குகள் கொண்ட ஓர் அளவுகோலை பிளெண்டரிலேயே அரே மாடிஃபையரில் செய்து உருவத்துக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். கண் மதிப்பில் செய்தபோது எங்கே தவறியது என்று உடனே தெரியும். மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கப்பட்ட அரசு கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியில் இந்த மரபு பாடமாகவே இருக்கிறது. ஊரின் பட்டறைகளிலும் இந்தக் கணக்கு கைப்பழக்கமாக இருக்கிறது. வேலை நேரத்தில் குறுக்கிடாமல், ஓய்வாக இருக்கும் சிற்பியிடம் மரியாதையோடு கேளுங்கள்.

பருவம் ஒளியில் இருக்கிறது

உங்கள் கேள்வியின் மைய விஷயம் இதுதான். கரும்பு வைத்தால் பொங்கல், விளக்கு வைத்தால் கார்த்திகை என்று பொருளை மாற்றிப் பருவத்தைக் காட்டுவது எளிது. ஆனால் பார்ப்பவர் மனம் பருவத்தை நம்புவது ஒளியாலும் நிழலாலும்தான்.

டிசம்பர் பிற்பாதியில் மாமல்லபுரத்தில் நண்பகலிலும் சூரியன் தெற்கே சாய்ந்து, ஏறத்தாழ 54 பாகை உயரத்தில்தான் நிற்கும். ஒரு மீட்டர் குச்சியின் நிழல் வடக்கே 70 சென்டிமீட்டருக்கு மேல் விழும். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் சூரியன் தலைக்கு நேர் மேலே வரும். நண்பகல் நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். ஜூன் பிற்பாதியில் சூரியன் சற்று வடக்கே போவதால் நிழல் தெற்கே திரும்பும். மார்கழி வாசலுக்குச் சித்திரை வெயிலைப் போட்டால், காரணம் சொல்லத் தெரியாதவருக்கும் ஏதோ பிசகு என்று தோன்றும். பிளெண்டரின் சன் பொசிஷன் துணைநிரலில் அட்சரேகை 12.6, தீர்க்கரேகை 80.2, நேர மண்டலம் 5.5 என்று கொடுத்து, தேதியையும் மணியையும் மாற்றினால் சூரியன் தானே சரியான இடத்துக்கு வரும். ஐப்பசி மழை நாளுக்குச் சூரியனைத் தணித்து, வானத்திலிருந்து பரவலான ஒளி கொடுங்கள். நனைந்த கல்லை சற்றே கருமையாக்கி, அதன் ரஃப்னஸைக் குறையுங்கள்.

அகல் விளக்கு: எட்டு வாரத் திட்டம்

கார்த்திகை தீபம் நவம்பர் பிற்பாதியிலோ டிசம்பர் முற்பாதியிலோ வரும். பஞ்சாங்கத்தில் தேதியைப் பார்த்து, எட்டு வாரம் பின்னோக்கி எண்ணித் தொடங்குங்கள்.

முதல் வாரம்: கடையில் ஓர் அகல் வாங்கி, வாய், அடி, உயரம், விளிம்பின் கனம் ஆகியவற்றை மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள்.

இரண்டு, மூன்றாம் வாரம்: பாதி வெட்டுத்தோற்றத்தை வரைந்து ஸ்க்ரூ மாடிஃபையரால் 360 பாகை சுழற்றுங்கள். அதை மெஷ்ஷில் அப்ளை செய்தபின் ப்ரொப்போர்ஷனல் எடிட்டிங்கைப் போட்டுத் திரி வைக்கும் மூக்கை இழுத்து எடுங்கள். கண்ட்ரோல் ஏ அழுத்தி ஸ்கேலை அப்ளை செய்ய மறக்காதீர்கள். பின்னால் வரும் பல குழப்பங்கள் இதை மறப்பதால்தான்.

நான்கு, ஐந்தாம் வாரம்: மண்ணுக்கு மங்கிய பரப்பு கொடுங்கள். எண்ணெய் ஊறிய மூக்குப் பகுதி மட்டும் கருத்து மினுங்கட்டும். சுடரின் நிறத்துக்கு பிளாக்பாடி நோடில் 1900 கெல்வினுக்கு அருகில் வையுங்கள்.

ஆறாம் வாரம்: ஒளியும் கேமராவும். ஏழாம் வாரம் ரெண்டர். எட்டாம் வாரத்தைக் காலியாக விடுங்கள். அது வடகிழக்குப் பருவமழைக் காலம். புயல் வந்தால் மின்சாரம் இருக்காது. ஒவ்வொரு நாள் கோப்பையும் புதிய எண்ணோடு சேமித்து, ஒரு பிரதியை வேறிடத்தில் வையுங்கள்.

முப்பரிமாண அச்சில் எடுப்பதானால் இரண்டு எச்சரிக்கைகள். பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகத் தொடங்கும். அதில் உண்மையான சுடரை ஏற்றவே கூடாது, பேட்டரி எல்.இ.டி. விளக்கு மட்டும் வையுங்கள். கடலோர ஈரக்காற்றில் இழை ஈரம் இழுத்து அச்சைக் கெடுக்கும். சிலிகா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வைத்திருங்கள்.

மனிதர்களை மாடலாக்கும் முன்

உங்கள் பட்டியலில் மாசி மகம் இருப்பது மகிழ்ச்சி. அன்று மாமல்லபுரம் கடற்கரையில் இருளர் மக்கள் திரண்டு, சேலைகளால் குடில் கட்டித் தங்கி, மணலில் படி அமைத்துக் கன்னியம்மனை வழிபடுகிறார்கள். அங்கேயே திருமணங்களும் நடக்கின்றன. இந்தக் கரையின் பருவங்களில் இதைவிடச் செழுமையான காட்சி குறைவு. ஆனாலும் அது அவர்களுடைய வழிபாடு. கேட்காமல் படம் எடுக்காதீர்கள்; ஒருவர் முகத்தை அனுமதியின்றி மாடலாக்காதீர்கள். முதல் வருடம் போய்ப் பார்த்துப் பேசுங்கள், சேலைக் குடிலின் மடிப்பையும் மணற்படியின் உயரத்தையும் மனதில் வாங்குங்கள். செய்வதை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நினைவுச்சின்னங்களிலும் ட்ரைபாட் நிறுத்தவோ ட்ரோன் பறக்கவிடவோ தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும்.

இன்றே செய்ய ஒரு வேலை சொல்கிறேன். வீட்டு மொட்டை மாடியில் ஒரு மீட்டர் குச்சியை நேராக நட்டு, நண்பகல் நிழலை அளந்து தேதியோடு குறித்து வையுங்கள். மாதம் ஒரு முறை தொடருங்கள். ஒரு வருடத்தில் உங்களிடம் சேரும் அந்தப் பன்னிரண்டு அளவுகள், இனி நீங்கள் செய்யும் எல்லாப் பருவப் படைப்புகளுக்கும் ஆதாரமாக இருக்கும்.