உரக் கணக்கும் மோல் என்னும் அளவும்

தென்பெண்ணைக் கரையிலுள்ள மூங்கில்துறைப்பட்டுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு பயிரிடும் குடியானவர்கள், அமோனியம் சல்பேட் கிடைக்காதபோது அதே எடை யூரியாவை இடுதல் கூடாது. அதன் காரணத்தைக் கணக்கினால் விளக்குவோம்.

நெல்லை மணி மணியாக எண்ணாமல் மரக்காலால் அளக்கிறோம். ரசாயன சாஸ்திரத்தில் துகள்களை அளக்கும் மரக்கால் மோல் எனப்படும். ஒரு மோலில் அடங்குபவை 6.022 × 10²³ துகள்கள். அதாவது 6022-க்குப் பின் 20 பூஜ்யங்கள். இத்தாலிய அறிஞர் அவகாட்ரோவின் பெயரால் வழங்கும் இவ்வெண் 2019-இல் சர்வதேச அளவை முறையில் நிலையாக வரையறுக்கப்பட்டது. துகள்களின் தொகையை இவ்வெண்ணால் வகுத்தால் மோல் கிடைக்கும். அதனை ஒரு மோலின் எடையால் பெருக்கினால் கிராம் கிடைக்கும்.

உதாரணமாக, ஒவ்வோர் உரத்திலும் 6.022 × 10²⁶ துகள்களை எடுத்துக்கொள்வோம். வகுத்தால் 1000 மோல். யூரியா ஒரு மோல் 60 கிராம். ஆகவே 60 கிலோ. அமோனியம் சல்பேட் ஒரு மோல் 132 கிராம். ஆகவே 132 கிலோ. இரண்டிலும் துகளொன்றுக்கு நைட்ரஜன் அணுக்கள் இரண்டு. ஆதலால் இரு குவியல்களிலும் தழைச்சத்தாகிய நைட்ரஜன் 2000 மோல். மோலுக்கு 14 கிராம் வீதம் 28 கிலோ.

இவ்விகிதப்படி, 50 கிலோ சல்பேட் மூட்டை இரண்டுக்கு 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றே ஏறக்குறைய ஈடாகும். 100 கிலோ யூரியா இட்டாலோ தழைச்சத்து இரு மடங்குக்கு மேலாகும். மிகுந்த தழைச்சத்தால் கரும்பு சாய்வதும், சாற்றில் சர்க்கரை குறைவதும் உண்டு. உரத்திற்கிட்ட பணமும் வீணாகும். ஆதலின் மூட்டை வாங்குமுன் தழைச்சத்தைக் கணக்கிட்டுக் கொள்வீர்களாக.