தண்ணீரை நிறுத்தும் இடத்தில்தான் திராட்சை

மானகிரி

அன்புள்ள தம்பிக்கு,

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை செழிக்கக் காரணம் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர்தான், நம் பக்கம் ஒரு வாய்க்கால் வந்தால் இங்கேயும் பந்தல் போடலாம் என்று எழுதியிருந்தாய். இது பாதிதான் சரி. 1895-இல் அணை திறந்து, மேற்கே ஓடிய ஆறு மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திரும்பியது. அந்த நீர் இல்லாமல் கூடலூர், சுருளிப்பட்டிப் பக்கத்தின் இன்றைய பசுமை இல்லை. ஆனால் அதே நீர் வைகை வழியே மதுரைக்கும் சிவகங்கைச் சீமையின் சில கண்மாய்களுக்கும் வருகிறது. அங்கே விளைவது நெல். வெப்பநாட்டில் திராட்சையைத் தீர்மானிப்பது, வேண்டாத வேளையில் கொடிக்கு ஈரம் போகாமல் காக்க முடிகிறதா என்பதே.

குளிர்நாட்டுக் கொடி பனியில் இலையுதிர்த்துத் தானே உறங்கும், ஆண்டுக்கு ஒரு மகசூல் தரும். கம்பத்தில் அந்த உறக்கம் கிடையாது. பருவத்தை விவசாயியின் கத்தரிக்கோல்தான் உண்டாக்குகிறது. கவாத்து செய்ததும் மொட்டு துளிர்த்து, ஏறத்தாழ நான்கு மாதத்தில் பன்னீர்த் திராட்சை அறுவடைக்கு வருகிறது. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாள் மாறுவதால் ஆண்டு முழுக்கப் பழம் உண்டு. ஆனால் பூக்கும்போது ஈரம் நின்றால் அடிச்சாம்பல் நோய் தாக்கும். பழுக்கும்போது கனமழை பிடித்தால் பழம் வெடிக்கும். முற்றும் நாட்களில் பாய்ச்சலைக் குறைப்பவர்தான் இனிப்பைப் பெறுகிறார்.

ஒயினுக்குக் குளிர்தானே வேண்டும், கம்பத்தில் இருப்பது சாப்பிடும் பழம்தானே என்பாய். ஆஸ்திரேலியாவின் ரென்மார்க்கைப் பார். மழை குறைந்த அந்த மண்ணில் 1887-இல் சாஃபி சகோதரர்கள் முர்ரே ஆற்று நீரை ஏற்றிப் பாசனக் குடியிருப்பு அமைத்தார்கள். அதைச் சுற்றிய ரிவர்லேண்ட்தான் இன்று அந்நாட்டில் ஒயின் திராட்சை மிக அதிகம் விளையும் வட்டாரம். வெயிலில் பழத்தின் புளிப்பு சீக்கிரம் குறைகிறது, அதனால் அங்கே பெரும்பகுதி மலிவான ஒயினாகிறது என்பதும் உண்மைதான். ஆனாலும் குளிர் இல்லாமல் முடியாது என்ற வாதம் அங்கே நிற்கவில்லை. மழை குறைவாக இருப்பதால், பாய்ச்சுவதும் நிறுத்துவதும் அவர்கள் கையில் இருக்கிறது.

சொட்டுநீர் போட்டால் நம் கையிலும் இருக்காதா? குழாயை மூடலாம், ஐப்பசி கார்த்திகை மழையை மூட முடியாது. நமக்கு மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில்தான். தையில் கவாத்து செய்து, கோடையில் அறுக்கும் ஒரே மகசூல் வேண்டுமானால் சாத்தியம். அப்போது கண்மாய் வற்றியிருக்கும், கிணற்றில் நீர் வேண்டும். ஆகவே முதலில் உன் நிலத்தின் மழைக்கணக்கையும் கோடைக் கிணற்று மட்டத்தையும் எழுதி எடுத்துக்கொண்டு, ஆனைமலையன்பட்டித் திராட்சை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்க் கேள். அதன்பிறகு பந்தலுக்குக் கல் ஊன்று.