பிறப்புக் கல் – நீலம்

பரீட்சை நெருங்கினால் சில வீடுகளில் பிள்ளைக்கு 'ராசியான' கல் மோதிரம் தேடுகிறார்கள். செப்டெம்பரில் பிறந்தவர்க்கு நீலக்கல் என்பர். மாதத்துக்கொரு கல் என்று இன்று வழங்கும் பட்டியலை 1912இல் வகுத்தவர்கள் அமெரிக்க நகை வணிகர்களே.

நீலம் நம் நாட்டின் தேசிய இரத்தினம். இரத்தினபுரியில் 'இல்லம' எனும் சரளையை அரித்து அதனை எடுக்கின்றனர். பேருவளை முஸ்லிம்கள் அவ்வணிகத்தில் பெயர் பெற்றவர்கள். பாவா ஆதம் மலையில் ஆதம் நபி சிந்திய கண்ணீரே இரத்தினங்களாயின என்பது பழங்கதை. சோதிடமோ நீலத்தைச் சனிக்குரியது என்று அஞ்சுகிறது.

விஞ்ஞானப்படி நீலமும் சிவப்பு மாணிக்கமும் ஒரே கனியமான குருந்தமே. இரும்பும் டைட்டேனியமும் சிறிதளவு கலந்தால் நீலம். குரோமியம் கலந்தால் சிவப்பு. இதில் அதிர்ஷ்டம் எங்கே இருக்கிறது?

ஹஜருல் அஸ்வதை முத்தமிட்ட உமர் (ரலி) அவர்கள், அது நன்மையோ தீமையோ செய்யாத கல் என்பதை அறிவதாகவும், நபி (ஸல்) அவர்கள் முத்தமிடக் கண்டதாலேயே தாமும் முத்தமிடுவதாகவும் கூறினார்கள். புனிதக் கல்லுக்கே அந்நிலை என்றால், மோதிரக் கல் எம்மாத்திரம்?

தோழியரே, நீலத்தின் அழகை இரசிப்போம். வெற்றியை அல்லாஹ்விடம் கேட்போம். படிப்பதை நாமே படிப்போம். பெற்றோரே, மோதிரத்துக்கு ஒதுக்கிய பணத்தில் மகளுக்கு நல்ல நூல்கள் வாங்கிக் கொடுங்கள்.