கடக்நாத் கோழி: வாங்குமுன் அறிய வேண்டியவை

மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர், தார் மாவட்டங்களில் பீல், பீலாலா பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகப் பேணிவரும் நாட்டுக் கோழியினம் கடக்நாத். கருந்தசையுடையது என்னும் பொருளில் அம்மக்கள் இதனைக் 'காலி மாசி' என அழைப்பர். மெலனின் என்னும் நிறமி மிகுதியால் இதன் தோல், கொண்டை, நாக்கு, தசை ஆகிய அனைத்திலும் கருமை படர்ந்திருக்கும். 2018-ஆம் ஆண்டில் ஜாபுவா கடக்நாத் இறைச்சி புவிசார் குறியீடு பெற்றது. அதன் பின்னர் இவ்வினத்தைப் புழக்கடையில் வளர்க்க விழைவோர் பெருகியுள்ளனர். அவர்களுக்கு உதவும் சில செய்திகளை ஈண்டுத் தொகுத்துரைக்கிறோம்.

தூய இனத்தைத் தேர்தல்

கருமையே தூய்மைக்குச் சான்று எனக் கொள்ளுதல் பிழையாகும். உடற்கருமையைத் தரும் மரபுக்கூறு வலிமை மிக்கது. வேற்றினத்துடன் கலந்து பிறந்த குஞ்சும் பெரும்பாலும் கருத்தே தோன்றும். எனவே குஞ்சைப் பார்ப்பதோடு அமையாது, தாய்க்கோழிகளையும் சேவல்களையும் நேரில் காணல் வேண்டும். தூய கடக்நாத்தில் முழுக்கருமை, வெண்கோடிட்டது, பொன்னிறம் கலந்தது என மூவகை உண்டு. ஒரு நாள் குஞ்சு நீலச்சாயல் கொண்ட கருநிறத்தில், முதுகில் ஒழுங்கற்ற கோடுகளுடன் இருக்கும். முட்டையோ கருநிறமன்று, வெளிர் பழுப்பு நிறத்தது. கருமுட்டை எனக் காட்டி விற்போரிடம் விலகி நிற்பதே நன்று. ஜாபுவா வேளாண் அறிவியல் மையம் போன்ற அரசுசார் நிலையங்களில் முன்பதிவு செய்து வாங்குதல் பாதுகாப்பானது.

வளர்ப்பு முறை

முதல் வாரத்தில் குஞ்சுகளுக்கு ஏறத்தாழ 35 பாகை செல்சியசு வெப்பம் தேவை; பின்னர் வாரந்தோறும் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். நோயே அண்டாத கோழி என்று கூறப்படுவதை நம்பி வெள்ளைக்கழிச்சல், அம்மைத் தடுப்பூசிகளைத் தவிர்த்தல் கூடாது. 2021 சனவரியில் ஜாபுவாவிலேயே ஒரு கடக்நாத் பண்ணையில் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டு, கோழிகள் அழிக்கப்பட்டன. கடக்நாத் பெட்டை நன்கு அடைகாப்பதில்லை. ஆதலின் முட்டைகளை வேறு நாட்டுக் கோழியிடம் அடைவைத்தல் வழக்கம். எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். வேற்றினச் சேவலை அருகில் விடின் இனத்தூய்மை கெடும். ஒரே குடும்பச் சேவலைப் பல்லாண்டு வைத்திருப்பின் வீரியம் குன்றும். உரிய காலத்தில் வேறோரிடத்துத் தூய சேவலைக் கொணர்தல் நலம்.

வரவு செலவு

பண்ணைக் கறிக்கோழி ஏறக்குறைய ஆறு வாரத்தில் இரண்டு கிலோ எடையை எட்டுகிறது. கடக்நாத் ஒரு கிலோ எடைபெறவே ஐந்து திங்கள் ஆகும். முட்டையும் ஆண்டுக்கு நூற்றின் அளவிலேயே அமையும்; பண்ணை முட்டைக்கோழியோ முந்நூறு வரை இடும். ஆகவே உயர்விலை கொடுத்து வாங்குவோர் உள்ளூரில் இருந்தாலன்றி ஆதாயம் இல்லை. குஞ்சு வாங்குமுன் இறைச்சியையும் முட்டையையும் யாரிடம் விற்போம் என்பதைத் தெளிதல் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை

2019-ஆம் ஆண்டில் மகாராட்டிரத்தில், கடக்நாத் குஞ்சுகளைக் கொடுத்து, வளர்ந்தபின் தாமே உயர்விலைக்குத் திரும்ப வாங்குவதாக உறுதியளித்த திட்டம் ஒன்றில் உழவர் பலர் தம் சேமிப்பை இழந்தனர். இத்தகைய உறுதிமொழி கேட்டால் ஒரு வினாவை எழுப்புக: திரும்ப வாங்கும் முட்டையும் கோழியும் உண்போரிடம் செல்கின்றனவா, அன்றி அடுத்து முதலிடுவோரிடம் குஞ்சாகச் செல்கின்றனவா? பின்னதாயின், புதியவர் வருகை நிற்கும் நாளில் திட்டமும் நிற்கும். நகையை அடகு வைத்தோ, வைப்புத்தொகையை முறித்தோ இவற்றில் இறங்க வேண்டா.

பத்துக் குஞ்சுகளுடன் தொடங்குங்கள். ஓராண்டு தீவனச் செலவு, இறப்பு, விற்பனை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். அக்குறிப்பேடு ஆதாயத்தைக் காட்டுமாயின், விரிவாக்கத்திற்கான கடன் குறித்துத் தங்கள் கிளை மேலாளரை அணுகும்போது அதுவே தங்களுக்குத் தக்க சான்றாக அமையும். காட்டாதாயினும், அரிய இனம் ஒன்று தங்கள் புழக்கடையில் சிறுசெலவில் வாழ்ந்த நிறைவு எஞ்சும்.